காய்வதைப் பார்த்து வாங்குங்கள்: மெத்தை, பெட்ஷீட், துண்டு

பெட்ஷீட் வாங்கப் போனால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கடைக்காரர் விரித்துப் போடுவார். நாம் உள்ளங்கையால் தடவிப் பார்ப்போம். வழவழவென்று இருந்தால் "இதையே கட்டிடுங்க" என்போம். ஏ.சி. ஓடும் கடையில், வியர்க்காத கையால், ஒருமுறைகூடத் துவைக்காத துணியைத் தடவி எடுக்கும் முடிவு அது. அந்த வழவழப்பில் பெரும்பங்கு, ஆலையில் கடைசியாக ஏற்றிய மென்மையூட்டியின் வேலை. சில சலவைகளில் அது கரைந்து போய்விடும். பிறகு மிஞ்சும் துணிதான் சித்திரை மாதத்துப் புழுக்கத்தையும் ஐப்பசி அடைமழையையும் நம்மோடு சேர்ந்து தாங்க வேண்டும்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் மெத்தையானாலும் துண்டானாலும் இட்லித் துணியானாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கப்போகிறோம்: இது வியர்வையையும் ஈரத்தையும் வாங்குமா, வாங்கியதைச் சீக்கிரம் விட்டுக் காயுமா? மென்மை, அழகு, விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பருத்தி என்று சொன்னால் போதுமா?

காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் வைத்துக்கொள்வது 0.4 சதவீதம். இரவில் முதுகு நனைந்து விழிப்பு வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் இந்த வித்தியாசம் முக்கியக் காரணம். பாலியெஸ்டர் விரிப்பில் வியர்வை போக இடமின்றித் தோலுக்கும் துணிக்கும் நடுவே தேங்குகிறது. பருத்தி அதை இழுத்துக்கொண்டு, மின்விசிறிக் காற்றில் மெல்ல விடுகிறது. காஷ்மீரில் வேண்டுமானால் வேறு கணக்கு போடலாம். சென்னை, மதுரை, திருச்சி, யாழ்ப்பாணம் எல்லாவற்றுக்கும் பருத்திதான்.

சிக்கல் எங்கே என்றால், கடையில் பருத்தி என்ற பெயர் ரொம்பத் தாராளமாகப் புழங்குகிறது. "கிளேஸ் காட்டன்" என்று பளபளப்பாகப் பூப்போட்டு, இரண்டு தலையணை உறையோடு மலிவாக விற்பதில் பெரும்பாலானவை பாலியெஸ்டர் மைக்ரோஃபைபர். "காட்டன் ஃபீல்", "காட்டன் டச்" என்றால் பருத்தி போலத் தோன்றும் என்று அவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். அதற்குமேல் நாம் என்ன சொல்ல? "100 சதவீதம் காட்டன்" என்று லேபிளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை செய்யலாம்.

துணியின் ஓரத்திலிருந்து நீளவாட்டில் ஒரு நூலும் குறுக்குவாட்டில் ஒரு நூலும் உருவுங்கள். இரண்டையும் தனித்தனியாக இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி நூல் சட்டென்று பற்றி, காகிதம் எரிந்த வாசனையோடு, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் முதலில் சுருங்கி விலகும், உருகும், கறுப்புப் புகை விடும். ஆறியபின் நுனியில் கடினமான சின்ன மணி ஒன்று நிற்கும். இரண்டு நூலையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாவு ஒன்றாகவும் ஊடை வேறாகவும் நெய்த விரிப்புகள் சந்தையில் நிறைய. சாம்பலும் மணியும் கலந்து வந்தால் கலப்பு நூல். கலப்பு என்பது குற்றமில்லை. சுருக்கம் விழாது, சீக்கிரம் காயும், விருந்தினர் அறைக்குப் பொருந்தும். பருத்தி விலை கொடுத்து வாங்கியிருந்தால்தான் வருத்தம்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் வேறு இருக்கின்றன. துணியின் ஒரு மூலையை இரண்டு கைக்கும் நடுவே வைத்துக் கசக்குங்கள். வெள்ளையாகத் தூள் உதிர்ந்தால் கஞ்சியும் மாவும் ஏற்றிக் கனம் காட்டியிருக்கிறார்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இடைவெளிகள் சீராகத் தெரிய வேண்டும். ஓரிடம் அடர்த்தி, ஓரிடம் சல்லடை என்றால் வேண்டாம். அடர்நிறத் துணியானால், கைக்குட்டையை நனைத்து ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் அது உங்கள் வீட்டு மற்ற துணிகளுக்கும் ஒட்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அந்த ஒரு சலவைக்குச் சாயம் கொஞ்சம் குறைவாகப் போகலாம், அவ்வளவே. சரியாக ஏறாத சாயத்தை உப்பு பிறகு பிடித்து நிறுத்தாது.

எண்களும் அளவுகளும்

பொட்டலத்தின் மேல் 144 டி.சி., 210 டி.சி., 300 டி.சி. என்று எழுதியிருப்பார்கள். ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடையுமாக எத்தனை இழை என்பதுதான் அந்த எண். எண் ஏற ஏறத் துணி சன்னமாகவும் நெருக்கமாகவும் ஆகும். இதில் ஓர் எல்லை உண்டு. ஓர் அங்குலத்துக்குள் எத்தனை நூலைத்தான் திணிக்க முடியும்? 800, 1000 என்று போட்டு விற்பவற்றில் பெரும்பாலும் முறுக்கிய நூலின் உள்ளிழைகளையும் தனித்தனியாக எண்ணிச் சேர்த்திருப்பார்கள். நம் ஊர் வெக்கைக்கு 180 முதல் 300 வரை தாராளம். அதற்குமேல் போனால் காற்றோட்டம் குறையும், விலை கூடும்.

நெசவும் முக்கியம். ஒன்று மேலே ஒன்று கீழே என்று போகும் சாதா நெசவு மொடமொடப்பாக, உடம்பில் ஒட்டாமல் இருக்கும். சாட்டின் நெசவு மினுமினுப்பாக இருக்கும், ஆனால் கொஞ்சம் சூடு. கொலுசும் வளையலும் மாட்டினால் இழை பிடுங்கிக்கொள்ளும். நூலின் நம்பரையும் கேட்கலாம். ஒரு பவுண்டு எடை நூலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே அந்த நம்பர். 20-ஆம் நம்பர் தடிமன், 40 நடுத்தரம், 60 சன்னம். துணிக்கடைப் பையனுக்கு இது தெரியாமல் இருக்கலாம். கைத்தறிக் கூட்டுறவு சொசைட்டிக் கடையில் கேட்டால் சொல்வார்கள்.

அளவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதுவும் தாங்களாகவே. "டபுள்" என்ற சொல்லை நம்பாமல் வீட்டில் டேப் எடுத்து அளந்துகொண்டு போங்கள். கணக்கு எளிது: மெத்தையின் அகலம், அதோடு கனம் இருமடங்கு, அதோடு செருகுவதற்குப் பக்கத்துக்கு 6 அங்குலம். 72-க்கு 78 அங்குல மெத்தை, 8 அங்குலக் கனம் என்றால் அகலத்துக்கு 100, நீளத்துக்கு 106 வேண்டும். 90-க்கு 100 அளவு விரிப்பு இதற்குப் போதாது. புரண்டு படுத்தால் காலையில் நடுவில் சுருண்டு கிடக்கும். 108-க்கு 108 வாங்க வேண்டும். பருத்தி முதல் சலவைகளில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும் என்பதால் 108 என்பது 104 பக்கம் வந்து நிற்கும். அப்போதும் செருக இடமிருக்கும். பழைய மெத்தைகள் 4 அங்குலம் இருந்த காலத்து விரிப்புகள் இன்றைய 8, 10 அங்குல மெத்தைகளுக்குச் சேராமல் போவது இதனால்தான். நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த விரிப்பானால் செருகுவதற்கென்று கூட்ட வேண்டாம், ஆனால் மெத்தையின் நீளம், அகலம், கனம் மூன்றுக்கும் மிகச் சரியாக இருக்க வேண்டும்.

எங்கே வாங்கலாம்

ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலை பெட்ஷீட்டுக்குப் பெயர்போன கைத்தறி ஊர். கட்டமும் கோடுமாகக் கனமான விரிப்பு. முதலில் முரடாகத்தான் இருக்கும். துவைக்கத் துவைக்கப் பதமாகும். கடையில் தடவிப் பார்த்து வாங்குகிறவர்கள் இதை ஒதுக்கிவிட்டுப் போவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் இந்த ரகங்கள் கிடைக்கும். தீபாவளித் தள்ளுபடியில் வாங்கினால் கை கடிக்காது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கென ஒதுக்கிய 11 ரகங்களில் பெட்ஷீட், துண்டு, ஜமுக்காளம் மூன்றும் உண்டு. என்றாலும் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்பனையாவது நின்றபாடில்லை. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஈரோடு கனி மார்க்கெட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை நடக்கும் வாரச்சந்தை மொத்த விலைக்கு ஏற்ற இடம். கல்யாண வீடு, விடுதி, பெரிய குடும்பம் என்றால் போய்வருவது லாபம்.

கரூர் வேறு கதை. படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, சமையலறைத் துணி என்று வெளிநாட்டு வீடுகளுக்கு நெய்து அனுப்பும் ஊர். ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழித்ததும் உள்ளூர்க் கடைக்கு வரும். துணி தரமாக இருக்கும், விலை குறைவாக இருக்கும், ஆனால் அளவு நம்முடையது அல்ல. அமெரிக்க கிங் மெத்தை 76-க்கு 80 அங்குலம். எலாஸ்டிக் வைத்த அந்த விரிப்பை நம்முடைய 72-க்கு 78-இல் மாட்டினால் தொளதொளவென்று இருக்கும். ஜெர்மானியர்களின் தலையணை 80 சென்டிமீட்டர் சதுரம். அந்த உறைக்குள் நம் தலையணை இரண்டு போகும். சாதா விரிப்பாகப் பார்த்து எடுங்கள். கழித்த சரக்கில் கறை எங்கே, இழை விட்டது எங்கே என்று முழுதும் விரித்துப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

மெத்தை

இலவம்பஞ்சு மெத்தையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இலவம்பஞ்சு இழை உள்ளே குழல்போல் வெறுமையாகவும் மேலே மெழுகு பூசியதுபோலவும் இருக்கும். அதனால் தண்ணீரை எளிதில் வாங்காது. எடை கிடையாது. நூலாக முறுக்க வராத அளவுக்குக் குட்டையாகவும் வழுக்கலாகவும் இருப்பதால் மெத்தைக்கும் தலையணைக்குமே பயன்படுகிறது. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர்ப் பக்கம் இது பெரிய வியாபாரம். கிளியை ஏமாற்றிய காய் கோடையில் வெடிக்கும். சித்திரை, வைகாசியில் புதுப்பஞ்சு கடைக்கு வந்துவிடும். மெத்தை தைக்கக் கொடுக்க அதுதான் சமயம். தைத்ததும் நல்ல வெயிலும் காட்டலாம்.

தைத்து வைத்ததை வாங்காமல் கண்ணெதிரே தைக்கச் சொல்லி வாங்குங்கள். தைத்ததுதான் இருக்கிறது என்றால், "அண்ணே, இந்த ஓரத்துல ரெண்டு தையல் பிரிச்சுக் காட்டுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று கேட்பதில் தவறில்லை. நல்ல கடைக்காரர் பிரித்துக் காட்டுவார். கையை உள்ளே விட்டு, ஓரத்துப் பஞ்சை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஒரு பிடி எடுங்கள். மேலாக இலவம், நடுவே ஆலைக் கழிவுப் பஞ்சு என்பது பழைய தந்திரம். நல்ல இலவம்பஞ்சு இளமஞ்சள் கலந்த வெண்மையாகப் பட்டுபோல் மினுங்கும். பிடித்து விட்டால் எழும்பும். ஊதினால் பறக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். விரல்களுக்கு இடையே உருட்டும்போது விதை தட்டுப்படக் கூடாது. விதை எடையை ஏற்றுவதோடு எலியையும் பூச்சியையும் கூப்பிடும். பஞ்சை நிறுத்து, மெத்தைத் துணியைத் தனியாகத் தேர்ந்தெடுத்து, கூலி தனியாகப் பேசிக்கொண்டால் கணக்கு தெளிவாக இருக்கும். துணி நெருக்கமான பருத்தியாக இருக்கட்டும். இடைவெளி இருந்தால் பஞ்சு தூசாக வெளியே வரும், இருமல் உள்ளவர்களுக்கு ஆகாது.

இந்த மெத்தையைத் துவைக்கக் கூடாது. வெயில்தான் இதற்குச் சலவை. மாதத்துக்கு ஒருமுறை மொட்டைமாடியில் பழைய விரிப்பைப் போட்டு, அதன்மேல் காலை பத்து மணிக்கு விரித்து, நடுவில் ஒருமுறை புரட்டி, மூன்று மணிக்குள் எடுத்துவிடுங்கள். இழைகளுக்கு நடுவே தங்கிய ஈரம் போனதும் பஞ்சு தானாக உப்பும். பனி இறங்கும்வரை விட்டால் காய்ந்தது அத்தனையும் வீண். பிரம்பால் அடிப்பது நம் வழக்கம். அதை நான் சொல்லமாட்டேன். இலவம் இழை முறியும் சாதி. அடிக்க அடிக்கத் தூளாகிக் கீழே இறங்கிவிடும். நாலு மூலையையும் பிடித்து உதறி, கட்டிதட்டிய இடத்தைக் கையால் பிசைந்துவிட்டால் போதும். சில வருடங்களில் பஞ்சு அமுங்கிப் பலகையாகிவிடும். அப்போது பிரித்து, கொட்டி, கொஞ்சம் புதுப்பஞ்சு சேர்த்துத் திரும்பத் தைத்துக்கொள்ளலாம். ஃபோம் மெத்தையில் இந்த வசதி இல்லை. ஒரே எச்சரிக்கை, நெருப்பு. இலவம்பஞ்சு நொடியில் பற்றும். கொசுவர்த்திச் சுருளைக் கட்டிலடியில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

முதுகுவலிக்காரர்களுக்கு இலவம்பஞ்சின் குழிவு ஒத்துவராமல் போகலாம். அவர்களுக்குத் தேங்காய்நாரில் ரப்பர்பால் சேர்த்துச் செய்த நார் மெத்தை நல்லது. விறைப்பாக இருக்கும், காற்றுப் போகும். மடிக்கக் கூடாது, மடித்தால் அந்த இடம் உடையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் புரட்டினால் குழி விழுவது தள்ளிப்போகும். ஃபோம் மெத்தைகளில் மெமரி ஃபோம் என்பது உடம்பின் சூட்டில் இளகி அணைத்துக்கொள்ளும் சாதி. ஏ.சி. இல்லாத அறையில் அந்த அணைப்பு வேண்டாம். ஃபோம், லேடெக்ஸ் மெத்தைகளை இலவம்பஞ்சு மெத்தைபோல நேர்வெயிலில் போடக் கூடாது. வெயில் பட்டால் மஞ்சளாகிப் பொடியும். நிழலில், காற்றோட்டத்தில் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள்.

எந்த மெத்தையானாலும் அடிப்பக்கம் காய வேண்டும். முழுப் பலகை அடித்த பெட்டிக் கட்டிலில் கார்த்திகை மாதம் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். சில வீடுகளில் பூஞ்சை கறுப்பாகப் படர்ந்திருக்கும். சட்டம் சட்டமாக இடைவெளி விட்ட கட்டில் மேல். தரையில் விரித்துப் படுப்பவர்கள் காலையில் சுருட்டி வைப்பது நல்ல வழக்கம்தான். எழுந்த கையோடு சுருட்டாமல், ஜன்னலைத் திறந்து அரைமணி நேரம் ஆறவிட்டுச் சுருட்டுங்கள். கட்டிலில் படுப்பவர்களுக்கும் இதே யோசனை. எழுந்தவுடன் பெட்ஷீட்டை இழுத்து மூடி அழகாக்குவது இரவு முழுதும் விட்ட வியர்வையை உள்ளே அடைப்பதுதான். டஸ்ட் மைட் என்ற கண்ணுக்குத் தெரியாத உயிரி நம் தோலின் செதிலைத் தின்று, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழ்கிறது. காலைத் தும்மலுக்கும் இழுப்புக்கும் பல வீடுகளில் அதுவே காரணம். அந்தத் தொல்லை உள்ள வீட்டில் விரிப்பையும் உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். படுக்கைத் துணிக்கு வெந்நீர் இதற்கு மட்டும்தான். மற்றபடி பச்சைத் தண்ணீர் போதும்.

பழைய மெத்தையை யாரிடமிருந்தும் விலைக்கு வாங்காதீர்கள். தையல் மடிப்பில் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளி தெரிந்தால் மூட்டைப்பூச்சி.

பாய், ஜமுக்காளம், தலையணை

கோரைப்பாயை விடக் குளிர்ச்சியான படுக்கை கோடையில் இல்லை. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றது. அதன் சன்ன ரகம் பட்டுத்துணிபோல் மடியும். ஆனாலும் பாயை மடிக்காதீர்கள், சுருட்டி நிறுத்தி வையுங்கள். தண்ணீரில் முக்காமல், பிழிந்த துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். பிளாஸ்டிக் பாய் மொட்டைமாடியில் வடகம் பிழியத்தான் லாயக்கு. முதுகு வியர்வையை அது எங்கே கொண்டுபோகும்?

பவானி ஜமுக்காளத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு. தடித்த பருத்தி நூலில் பட்டை பட்டையாக வரும் சாதாரண ரகமும், செயற்கைப் பட்டு நூலில் கரையும் உருவமும் வைத்த ரகமும் இருக்கின்றன. உட்கார, படுக்க முதல் ரகம். கூடத்தில் காட்ட இரண்டாவது. வாஷிங் மெஷினில் போட்டால் மெஷின்தான் கெடும். வருடத்துக்கு இரண்டு முறை மாடியில் அலசி வெயிலில் போட்டால் தலைமுறை தாண்டி உழைக்கும்.

தலையணையின் உயரம் படுக்கும் விதத்தைப் பொறுத்தது. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளின் அகலம் நிரம்பும் உயரம் வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதில் பாதி. குப்புறப் படுப்பவருக்கு இல்லாமலே இருக்கலாம். இலவம்பஞ்சுத் தலையணையை ஆணி அடித்ததுபோல் இறுக்கி அடைத்துத் தருவார்கள், ஒரு பிடி பஞ்சைக் குறைக்கச் சொல்லுங்கள். தலையணைக்கு நேரே உறை போடாமல், உள்ளே ஒரு பழைய வேட்டித் துணி உறையும் வெளியே நல்ல உறையுமாகப் போட்டால் தேங்காயெண்ணெய் பஞ்சுக்கு இறங்காது. கைக்குழந்தைக்குத் தலையணையே வேண்டாம். கடுகுத் தலையணை வைத்தால் மண்டை உருண்டையாகும் என்று பாட்டி சொல்லக்கூடும். முதல் ஒரு வருடம் தலையணை, தடித்த போர்வை எதுவும் குழந்தையின் படுக்கையில் இருக்கக் கூடாது என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை.

போர்வை விஷயம் சுருக்கம். சமவெளியில் பருத்திப் போர்வை, மார்கழிக்குச் சோலாப்பூர்ப் போர்வை, ஊட்டி கொடைக்கானலில் இருப்பவருக்குக் கம்பளி. பாலியெஸ்டர் அடைத்த கனத்த ரஜாய் ஏ.சி. அறைக்கு ஆகும். கழற்றித் துவைக்கும் உறையோடு வாங்கினால் மட்டும்.

துண்டு

டர்க்கி டவலின் தரத்தை ஜி.எஸ்.எம். என்ற எண்ணால் சொல்வார்கள், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று. 30-க்கு 60 அங்குலத் துண்டு 400 ஜி.எஸ்.எம். என்றால் ஏறக்குறைய 460 கிராம். 600 என்றால் 700 கிராம். பெரிய ஓட்டல்களில் தொடும்போது சுகமாக இருக்கும் துண்டு இந்த 600 ரகம். அவர்களிடம் உலர்த்தும் இயந்திரம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது மாடிக் கொடி. ஐப்பசியில் 600 ரகத் துண்டு இரண்டு நாளானாலும் காயாமல் புளித்த வாடை அடிக்கும். தினப்படிக்கு 350 முதல் 450 போதும்.

அதைவிட நல்லது நம் ஈரிழைத் துண்டு. எடையே தெரியாது, மூலையில் போட்டாலும் காய்ந்துவிடும், பயணத்தில் பையில் இடம் கேட்காது. தலை துவட்ட அதற்கு நிகரில்லை. ஆளுக்கு இரண்டு ஈரிழைத் துண்டும், வீட்டுக்கு நாலைந்து டர்க்கியும் என்பது என் கணக்கு.

புதுத் துண்டு ஈரத்தை வாங்காமல் தள்ளும். மேலே பூசிய மென்மையூட்டி போக, பயன்படுத்தும் முன்பே இரண்டு தடவை அலச வேண்டும். பிறகு நாமே கடைசி அலசலில் மென்மையூட்டித் திரவம் ஊற்றினால் அதே படலம் திரும்பவும் ஏறும். துண்டுக்கு மட்டும் அதைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். விறைத்துப்போன துண்டுக்கு அலசும் தண்ணீரில் அரைக் குவளை வெள்ளை வினிகர் விட்டால் உப்புத் தண்ணீரின் படிவு இளகும். நூல் வளையம் ஒன்று வெளியே நீண்டால் இழுக்காமல் கத்தரித்து விடுங்கள்.

சமையலறைத் துணிகள்

கரித்துணி பருத்தியாகத்தான் இருக்க வேண்டும். சூடான வாணலியைப் பாலியெஸ்டர் துணியால் பிடித்தால் அது உருகிக் கையில் ஒட்டும். கை துடைக்க ஒன்று, பாத்திரம் துடைக்க ஒன்று, அடுப்பைத் துடைக்க ஒன்று என்று நிறம் பிரித்து வைத்துக்கொண்டால் வீட்டில் எல்லோருக்கும் விளங்கும். இரவில் அலசி உலரப் போட வேண்டும். சிங்க்கின் ஓரத்தில் சுருட்டிப் போட்ட ஈரத்துணியைவிட அழுக்கான பொருள் சமையலறையில் இல்லை.

இட்லித் துணிக்குச் சாயமில்லாத மெல்லிய மல் துணி வாங்குங்கள். முதலில் வெந்நீரில் கொதிக்கவைத்துக் கஞ்சியை எடுத்துவிட வேண்டும். சோப்புத்தூள் பக்கமே கொண்டுபோகாதீர்கள், வாசனை இட்லியில் ஏறும். ஒட்டிய மாவைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, வெந்நீரில் அலசி, வெயிலில் போட்டால் போதும்.

கறையும் சலவையும்

மஞ்சள் கறைக்குப் பயப்படாதீர்கள். சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறும், அது சோப்பின் காரத்தால். துவைத்து நேர்வெயிலில் போட்டால் மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானே அழியும். இரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும், வெந்நீர் பட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும். தலையணை உறையின் எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தை நேராகத் தடவி, வெதுவெதுப்பான தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவிடுங்கள். பழைய எண்ணெய் மஞ்சளித்து நாறத் தொடங்கினால் எடுப்பது கடினம். அதனால் உறையை வாரம் இருமுறையும் பெட்ஷீட்டை வாரம் ஒருமுறையும் மாற்றுவது எளிய வழி.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வெள்ளைத் துணி பழுப்பேறினால் பிளீச்சிங் பவுடரைத் தேடி ஓடாதீர்கள். தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் அதைத் துருவாக்கித் துணியிலேயே படியவைக்கும், பழுப்பு கூடும். எலுமிச்சை உப்பைக் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து அலசினால் தெளியும். சொட்டுநீலம் மஞ்சளை எடுக்காது, கண்ணுக்கு மறைக்கும். கொஞ்சமாகப் போட்டால் குற்றமில்லை.

108 அங்குலப் பெட்ஷீட் ஒன்று காய்ந்த நிலையிலேயே ஒரு கிலோ வரும். மெஷினில் இரண்டுக்கு மேல் போட்டால் கயிறாக முறுக்கி, சின்னத் துணிகளை விழுங்கி, நடுவில் சோப்புப் போகாமலே வெளியே வரும். மழைக்காலத்தில் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைக்காமல், ஒரு நாளைக்கு ஒரு படுக்கை என்று பிரித்துக்கொள்ளுங்கள். மடித்துப் போடாமல் இரண்டு கொடியில் பந்தல்போல் விரித்தால் மின்விசிறியிலேயே காயும்.

முழுதும் காயாத துணியை அலமாரியில் வைக்கக் கூடாது. கஞ்சி போட்டதையும் நாள்பட வைக்காதீர்கள், வெள்ளிநிறப் பூச்சி கஞ்சிக்காகத் துணியைத் தின்னும். அந்துருண்டையைக் குழந்தைத் துணிகளோடு போடவே கூடாது. அதிலுள்ள நாஃப்தலின், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள சிசுக்களுக்கு இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். காய்ந்த வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து போட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

பெட்ஷீட் நடுவில்தான் முதலில் தேயும். வெளிச்சத்தில் பிடித்தால் முதுகு படும் இடம் சல்லடையாகவும் ஓரங்கள் புதிதாகவும் இருக்கும். கிழியும்வரை காத்திருக்காமல் அந்த நிலையிலேயே கத்தரித்துவிடுங்கள். பெரிய விரிப்பின் இரண்டு ஓரங்களிலும் நாலு தலையணை உறைக்குத் துணி தேறும். நைந்த நடுப்பகுதி கைக்குழந்தைக்கு அடியில் போட, பிறகு கரித்துணிக்கு, கடைசியில் சைக்கிள் துடைக்க ஆகும்.